குப்பைத்தொட்டியில் ஏழு வினாத்தாள்கள்

என் கல்யாண வளையல்களில் இரண்டு, தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு நாள், கம்ப்யூட்டரும் பிரிண்டருமாக மாறி இரும்புலியூர் வீட்டின் நடு அறைக்கு வந்து சேர்ந்தன. வேடிக்கைக்கு வாங்கவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடம், பத்தாம் வகுப்பு வினாத்தாள்களைத் தட்டச்சு செய்து தரும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தது. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு ஐந்து வருடமாக இட்லிக்கு மாவரைத்துக்கொண்டிருந்தவள் நான். அது எனக்கென்று வந்த முதல் வேலை. அதை யாராவது பிடுங்கினால் கடித்துவிடும் நிலையில் இருந்தேன்.

பள்ளித் தாளாளர் மெதுவாகப் பேசுகிறவர், ஆனால் நிபந்தனைகள் கத்திபோல இருந்தன. தட்டச்சு முடிந்ததும் ஆசிரியர்களின் கையெழுத்துத் தாள்களை எரித்துவிட வேண்டும். ஃபிளாப்பியில் நகல் எடுக்கக் கூடாது, அது யார் சட்டைப்பையிலும் போய்விடும். அச்சடிப்பது தேர்வுக்கு முந்தின நாள்தான், அச்சடித்த கையோடு நானே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். “ஒரு கேள்வி வெளிய போனாலும் சரி, ஒரு பேப்பர் வராமப் போனாலும் சரி, அன்னியோட இந்த வேலை உங்களுக்கு இல்லம்மா” என்றார்.

தலையை ஆட்டிவிட்டு வந்தேனே தவிர, எங்கள் வீட்டை அவர் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு வாசல் கதவு தூங்கும்போது மட்டும்தான் சாத்தப்படும். கம்ப்யூட்டர் வந்த முதல் வாரம் தெருவே வந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தது. பக்கத்து வீட்டு அக்கா தினம் மோருக்கு வருவார். மோர் எங்கள் வீட்டில் அடுக்களையில்தான் இருக்கும், ஆனால் அவர் நடு அறை வழியாகத்தான் அடுக்களைக்குப் போவார். அவருடைய மகன் அதே பள்ளியில் அதே பத்தாம் வகுப்பு.

காவலுக்கு மாமா இருந்தார், என் கணவரின் அப்பா. பம்மலில் ஒரு தோல் தொழிற்கூடத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அதில் பாதிச் சாவிகளுக்குப் பூட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. “எங்க வூட்டுக்காரரு அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸு” என்று அத்தை, அதாவது என் மாமியார், பால்காரரிடம்கூடச் சொல்வார். அப்போதெல்லாம் மாமா அங்கிருந்து எழுந்து போய்விடுவார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

மேற்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவரிடம்தான் வாங்கினோம். பாதுகாப்புக்கு என்ன செய்யலாம் என்று அவரைக் கேட்டேன். “ஒரு பாஸ்வேர்டு போட்டுட்டாப் போதும் மேடம்” என்றார். வீட்டுக்கு வந்து போட்டேன். மறுநாள் கம்ப்யூட்டரைத் தட்டியதும் ஒரு சின்னப் பெட்டி தோன்றி, நீ யார், உன் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டது. குடும்பத்தையே கூப்பிட்டுக் காட்டினேன். மாமா சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டு திருப்தியாகத் தலையசைத்தார்.

அத்தை எட்டாவது வரை படித்தவர், எதையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். “அதுக்குப் பக்கத்துல இன்னாமோ கேன்சல்னு கீதே, அத அமுக்குனா?” என்றார்.

“அமுக்கினா உள்ளயே விடாது அத்தை” என்று சிரித்துக்கொண்டே அமுக்கினேன். பெட்டி மறைந்தது. கம்ப்யூட்டர் முழுவதுமாகத் திறந்து, என் கோப்புகளையெல்லாம் வரிசையாகக் காட்டிக்கொண்டு நின்றது.

எனக்கு வந்த கோபத்தில் சென்டருக்கு பஸ் ஏறிப் போனேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “அது பாதுகாப்புக்கு இல்ல மேடம், மரியாதைக்கு” என்றார். யாருடைய மரியாதைக்கு என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிவிட்டார்.

அதன் பிறகு தொடர்ந்து முயற்சிகள். ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரையில் எழுத்துகள் ஓடும்படி ஸ்கிரீன் சேவர் வைத்து, அதற்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டேன். என்ன எழுத்து ஓட வேண்டும் என்று மாமாதான் சொன்னார்: ‘அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.’ பக்கத்து வீட்டு அக்கா மோர்ச் சொம்போடு நின்று அது நாலைந்து தடவை ஓடும்வரை படித்தார். “அப்புறம் இன்னா வரும்?” என்று கேட்டார். அடுத்தது ஏதோ வரும் என்று காத்திருந்து, வராததால் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். துரத்துவதற்கு வைத்தது ஆளைக் கூட்டியது.

அத்தையின் பங்குக்கு ஒரு யோசனை வந்தது. புது வீட்டுக்குத் திருஷ்டி பொம்மை மாட்டுவதில்லையா, இதற்கு ஏன் இல்லை? சரி என்று பெயிண்ட்டில் மவுஸைப் பிடித்து ஒரு முகம் வரைந்தேன். பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு, பெரிய மீசை. அதைத் திரை முழுக்க வால்பேப்பராக விரித்தேன். முக்கியமான ஐகான்களெல்லாம் மீசைக்குள் தெரியாதபடி போய் உட்கார்ந்துகொண்டன. இது நிஜமாகவே நல்ல பாதுகாப்பு. எனக்கே என் கோப்புகளைக் கண்டுபிடிக்க அரை மணி ஆனது. ஷிஃப்டு முடிந்து வந்த என் கணவர் விளக்கைப் போட்டதும் அந்த முகத்தைப் பார்த்து “அம்மா!” என்று கத்தியதும் உண்டு.

கடைசியாக, கம்ப்யூட்டர் உயிர் பெறும்போதே கேட்கும் பாஸ்வேர்டு ஒன்று இருக்கிறது என்றும், அதற்குக் கேன்சல் கிடையாது என்றும் தெரிந்துகொண்டேன். மாமாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஆனால் அவர் தொழிற்கூடத்து முறையைக் கொண்டுவந்தார். “ஸ்டோர் ரூமுக்கு ரெண்டு சாவிம்மா. ஒண்ணு மேனேஜர்கிட்ட, ஒண்ணு என்கிட்ட. ஒருத்தரே தொறக்கக் கூடாது.” ஆகவே பாஸ்வேர்டில் முதல் பாதி என்னுடையது, பின்பாதி அவருடையது. நான் நாலு எழுத்து அடித்துவிட்டு எழுந்து சுவரைப் பார்த்து நிற்பேன். அவர் உட்கார்ந்து, துண்டால் கீபோர்டை மூடி, அதற்குள் கையை விட்டு மீதி நாலை அடிப்பார். துண்டுக்குள் விரல் தவறாமல் இருந்தால்தானே? தினமும் காலையில் பத்து நிமிடம் இந்தக் கூத்து நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் பல்லாவரம் சந்தைக்குப் போய்விட்டார். சந்தைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். நான் பாதிப் பாஸ்வேர்டோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மறுநாள் சென்டர்காரரை வீட்டுக்கே வரவழைத்து, அதை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் பெட்டியைத் திறந்து, உள்ளே பொத்தான் அளவுக்கு இருந்த ஒரு பேட்டரியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அத்தை கொடுத்த காபியை நிதானமாகக் குடித்து முடித்து, திரும்ப மாட்டினார். பாஸ்வேர்டு போயே போய்விட்டது. மாமா அந்தப் பேட்டரியை நம்பிக்கைத் துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு என் அம்மா நினைவு வந்தது. அம்மா தன் கல் தோட்டை பீரோவில் வைக்க மாட்டார், துவரம்பருப்பு டப்பாவின் அடியில்தான் வைப்பார். திருடன் பருப்பைத் திருடப் போவதில்லை என்பது அவர் கணக்கு. கம்ப்யூட்டரில் திருடன் தொடாத இடம் எது? ரீசைக்கிள் பின். குப்பைத்தொட்டி. எவள் வந்து குப்பையைக் கிளறப் போகிறாள்? அன்றிலிருந்து வேலை முடிந்ததும் வினாத்தாள் கோப்புகளை அழித்துவிடுவேன். அவை குப்பைத்தொட்டிக்குள் போய்ப் பத்திரமாகக் கிடக்கும். மறுநாள் தொட்டியிலிருந்து மீட்டு, வேலை செய்து, மறுபடியும் குப்பையில் போடுவேன். படித்த மூளை என்றால் சும்மாவா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு. தமிழ் இரண்டு, ஆங்கிலம் இரண்டு, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஏழு தாள்கள். போகிக்கு ஒரு வாரம் முன்பு, தொட்டியைத் திறந்தவள் திடுக்கிட்டேன். கோப்பு எப்போது குப்பைக்கு வந்தது என்று அங்கே நேரம் காட்டும். கணக்குத் தாளுக்கு நேராகச் செவ்வாய்க்கிழமை பகல் இரண்டரை மணி என்று இருந்தது. செவ்வாய் பகலில் நான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களிடம் கேள்விகள் வாங்கிக்கொண்டிருந்தேன். யாரோ கோப்பை வெளியே எடுத்து, பார்த்துவிட்டு, திரும்பவும் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

மோர்ச் சொம்புதான் முதலில் கண்ணில் ஆடியது. மாமாவிடம் ஓடினேன். அவர் வழக்கம்போல அந்த அறையிலேயே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மாதமாகவே பகல் நேரத்தில் அப்படித்தான். ராமஜெயம் எழுதுகிறார் என்று அத்தை தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்ததால், அவர் எழுதும்போது யாரும் பக்கத்தில் போக மாட்டோம். நான் விஷயத்தைச் சொன்னதும் டைரியை மூடினார்.

“செவ்வாக்கெழமையா?”

“ஆமாம் மாமா. நீங்க இங்கதானே இருந்தீங்க? யாராவது வந்தாங்களா?”

“வேற யாரும் வரல. நான் பாத்துக்கறேன், நீ போய் வேலையப் பாரு” என்றார். சாவிக்கொத்து வைத்திருக்கிற மனிதர் சொன்னால் தைரியமாகத்தானே இருக்கும். அக்காவுக்கு மோரை வாசலிலேயே கொடுத்து அனுப்ப ஆரம்பித்தேன்.

போகிக்கு முந்தின நாள் ஏழு தாளும் தயார். இனி அச்சடிக்க வேண்டியதுதான் பாக்கி, அதுவும் காணும் பொங்கல் அன்றைக்குத்தான். போகியன்று விடியற்காலையில் எங்கள் தெரு முழுக்கப் பாயும் துடைப்பமும் டயரும் எரிந்து, எதிர் வீடு தெரியாத புகை. தாளாளரின் நிபந்தனையை நிறைவேற்ற இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று, ஆசிரியர்களின் கையெழுத்துத் தாள்களை ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டேன். சாம்பலைக் குச்சியால் கிளறி, ஓர் எழுத்துகூட மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்டேன். பிறகு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனேன்.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டையே ஜெயித்தவர்போல நின்றிருந்தார். “பரண் ஆச்சி, பீரோ மேல ஆச்சி, உன் பொட்டியில கீற குப்பையும் கொட்டிட்டேன்” என்றார்.

“எந்தப் பெட்டியில?”

“அதான், கம்ப்யூட்டர்ல. போகியும் அதுவுமா தொட்டி நெறைய காகிதம் ரொம்பி வழிஞ்சிகினு கீது. ஒரு வூட்ல அப்பிடி இருக்கலாமா? எம்ட்டின்னு இருந்திச்சி, அமுக்குனேன். ஏழு கீதே, நெசமாவே கொட்டிடவான்னு அதுவே கேட்டுச்சி. கொட்டுன்னேன்.”

சீட்டாட்டம் ஆடுவதற்காக அவருக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மகராசி நான்தான். ஓடிப்போய்ப் பார்த்தேன். திருஷ்டி முகத்தின் நாக்குக்குப் பக்கத்தில் குப்பைத்தொட்டி சுத்தமாக, காலியாக, போகிக்குத் தயாராக இருந்தது. நான் போட்ட கூச்சலில் என் கணவர் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்து, வால்பேப்பரைப் பார்த்து மறுபடியும் பயந்தார்.

“குப்பையில போட்டத குப்பைன்னு நெனச்சேன், அது ஒரு தப்பா?” என்று அத்தை கேட்டார். தப்பில்லை. அதுதான் என்னை இன்னும் ஆத்திரப்படுத்தியது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மேஜையைத் திட்டினேன்.

ஈரத் தலையோடு மேற்குத் தாம்பரம் போனேன். சென்டர் ஷட்டரில் ‘பொங்கல் விடுமுறை’ என்று அட்டை தொங்கியது. அவர் ஊருக்குப் போயாயிற்று. பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. ஆசிரியர்களைத் தேடிப்போய்க் கேள்விகளை மறுபடி எழுதித் தாருங்கள் என்று கேட்டால், அந்த நிமிடமே விஷயம் தாளாளருக்குப் போய்விடும். கரும்புக் கட்டுகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன். வளையல் போனதற்கு அழாதவள், வேலை போகப் போகிறதே என்று அழுதேன். பக்கத்தில் நின்றவர் கரும்பு இடித்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டார்.

வீட்டில் மாமா அப்போதுதான் சந்தையிலிருந்து வந்திருந்தார். அத்தை எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்க வேண்டும். கையில் இருந்த மஞ்சள் கொத்தைக்கூடக் கீழே வைக்காமல் நின்றிருந்தார். “நீ போய்க் கடையில வெல்லம் வாங்கினு வா” என்று அத்தையை அனுப்பினார். வெல்லம் இரண்டு நாள் முன்பே வாங்கியாயிற்று. அத்தை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். மாமா நடு அறைக் கதவைத் தாழிட்டார். டைரியை என்னிடம் நீட்டினார்.

“ராமஜெயம் எழுதினா கோப்பு திரும்பி வருமா மாமா?” என்று எரிந்து விழுந்தேன்.

“பிரிச்சிப் பாரும்மா.”

பிரித்தேன். ஸ்டோர் லெட்ஜர் எழுதிய அந்தக் குண்டு எழுத்தில், ‘திருப்புதல் தேர்வு, கணக்கு, கால அளவு இரண்டரை மணி நேரம், மதிப்பெண் நூறு’ என்று இருந்தது. அடுத்து பகுதி ‘அ’. பகுதி ‘ஆ’. ஒரு கேள்விகூட விடவில்லை. பக்கங்களைத் தள்ளினேன். ஏழு தாளும் இருந்தன. ஆங்கிலத் தாள்களை எழுத்து எழுத்தாக, படம் வரைவதுபோல வரைந்திருந்தார். கணக்குத் தாளில் மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே விடையும் இருந்தது.

“அப்ப செவ்வாக்கிழமை ரெண்டரை மணிக்கு…”

“நான்தான்.”

“எப்படித் திறந்தீங்க?”

“கேன்சல் அமுக்கினேன். அப்புறம் நீ குப்பையிலேர்ந்து எடுக்கறத தெனம் பாத்துகினுதானே இருந்தேன்.”

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டு மோரை வாசலில் கொடுத்துக்கொண்டிருக்க, திருடன் காவல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் மானிட்டரைப் பார்த்துப் பேசினார். “நான் பாஸ் இல்லம்மா. கணக்குல போச்சி. பொண்ணு பாக்கப் போனப்போ எங்கப்பா பாஸுன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் எங்க மாத்தறது? வேலைக்குச் சேந்தப்பவும் அதே. உங்க அத்தை பால்காரன்கிட்ட சொல்லும்போதெல்லாம் எனக்கு உசுரு போவுது. இப்ப எழுதினா இன்னா வருதுன்னு பாக்கணும்னு தோணிச்சி. பல்லாவரம் சந்தையில பழைய கணக்கு புக்கு ஒண்ணு வாங்கினேன். மத்ததெல்லாம் சும்மா எழுதி வெச்சேன், அப்பறம் ஒருநா எழுதலாம்னு.”

கோபம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஒரு கேள்வி வெளியே போனாலும் வேலை இல்லை என்றார் தாளாளர். இங்கே ஏழு தாளும் போயிருக்கின்றன. ஆனால் எங்கே போயின? நாற்காலிவரை. நாற்காலி வீட்டுக்குள்தானே இருக்கிறது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அதோடு, அவர் தலை குனிந்து நின்றதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. “படிங்க மாமா, நான் அடிக்கிறேன்” என்றேன்.

அந்த வருடப் பொங்கல் எனக்கு இப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. வாசலில் பானை பொங்கி, அத்தை “பொங்கலோ பொங்கல்!” என்று குரல் கொடுக்க, தாழிட்ட அறைக்குள் மாமா “ஓர் இருசமபக்க முக்கோணத்தின்” என்று வாசித்துக்கொண்டிருந்தார். மாட்டுப் பொங்கலுக்கு அறிவியலும் சமூக அறிவியலும். காணும் பொங்கலன்று ஆங்கிலத்தை அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் வாக்கியமாக்கினேன். அன்று மாலையே அச்சடித்துக் கொண்டுபோய்த் தாளாளர் கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார். “கையெழுத்துப் பேப்பரெல்லாம்?” என்றார். போகியில் எரித்துவிட்டேன் என்றேன். “உங்கள மாதிரிப் பொறுப்பா இருந்தா கவலையே இல்லம்மா” என்று சொல்லி, பொதுத் தேர்வு வரை வேலை எனக்கே என்றார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேர்வெல்லாம் முடிந்த பிறகு ஒரு பகலில் மாமா டைரியோடு வந்து நின்றார். “அந்தக் கணக்குத் தாள திருத்தித் தருவியாம்மா? கடிகாரம் வெச்சித்தான் எழுதினேன். புக்கு பாக்கல. நீயா பாத்து ஏத்திப் போடாத, ஸ்டிரிக்டா போடு.”

சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஸ்டிரிக்டாகத்தான் போட்டேன். அலகு எழுதாததற்கு இரண்டு மதிப்பெண் குறைத்தேன். வரைபடத்தில் அளவுத்திட்டம் இல்லை என்று இன்னும் இரண்டு. வட்டத்தின் பரப்பில் அவர் ஒரு பெருக்கலை அநியாயமாகத் தவறவிட்டிருந்ததைப் பார்த்து எனக்கே மனசு அடித்துக்கொண்டது. கூட்டினேன். நம்பிக்கையில்லாமல் மறுபடி கூட்டினேன். முதல் பக்கத்தின் மேலே நாற்பத்தொன்று என்று எழுதி வட்டமிட்டுக் கொடுத்தேன்.

அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். “பாஸ் மார்க்கு முப்பத்தஞ்சிதானே?”

“ஆமாம் மாமா.”

“இப்பவும்?”

“இப்பவும்.”

டைரியை மூடி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டரைக் காட்டி, “மொதல்ல ஒரு பொட்டி வந்து கேக்குமே, அதுல பழைய பாஸ்வேர்ட எடுத்துட்டு வேற போடும்மா” என்றார்.

“அது யாரையும் தடுக்காதே மாமா.”

“தடுக்க வேணாம். போடு.”

அவர் சொன்னபடி maths41 என்று போட்டேன். அந்த வீட்டில் அந்தப் பெட்டியை யாரும் மதித்ததில்லை. அத்தை சீட்டாடக் கேன்சல் அமுக்கினார், என் கணவர் கேன்சல் அமுக்கினார், அவசரத்தில் நானும் அதைத்தான் அமுக்கினேன். மாமா மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பார். ஏழு நட்சத்திரமும் வந்துவிட்டதா என்று எண்ணுவார். பிறகுதான் ஓகே.

“அதான் கேன்சல் அமுக்கினா ஒரே தட்டுல போயிடுதே, இன்னாத்துக்கு இந்தப் பாடு?” என்று அத்தை ஒருநாள் கேட்டார்.

“எனக்குத்தான் தெரியுமே” என்றார் மாமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் ஏன் கேன்சல் அமுக்கணும்?”